தடித்த எழுத்து, மெலிந்த எழுத்து

பொன்ரெசீனா,
3 செப்ரெம்பர் 2025

அன்பின் பவா,

சுகம் விசாரிக்க முன்னம் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீர் வேறு ஆட்கள் சொல்லிக் கேள்விப்படுவதைவிட நானே சொல்வது நல்லது.

எங்கள் மின்னஞ்சல் கொம்பனியிலிருந்து நோரிப்ளை என்றொரு ஐயா மூன்று மாதமாகக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொன்றுக்கும் என் சமையலறை டொச்சில், அதுதான் இந்த ஊர் ஜேர்மனில், மரியாதையாகப் பதில் எழுதினேன். "மதிப்புக்குரிய நோரிப்ளை ஐயா, உங்கள் கடிதம் பார்த்தேன், வீட்டில் எல்லோரும் சுகந்தானே, இங்கே ஹொட்டலில் இப்போது வேலை கூட" என்று. மனுசன் ஒன்றுக்கும் மறுமொழி போடவில்லை. பெரிய இடத்து ஆள், தலைக்கனம் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று எங்களோடு கோப்பை கழுவுகிற போர்த்துக்கேயக்காரிக்கு இதைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் சூப் கோப்பை இரண்டு உடைந்தது. நோரிப்ளை என்பது ஆளின் பெயர் இல்லையாம். "பதில் போடாதே" என்பதாம். மூன்று மாதமாகச் சுவரோடு சுகம் விசாரித்திருக்கிறேன்.

நீர் சுகமா? முழங்கால் எப்படி? நான் நலமாக இருக்கிறேன். கொஞ்சம் கொழுத்தும் இருக்கிறேன். ஹொட்டல் பூட்ட இன்னும் ஆறு கிழமை. பிறகு குளிர்கால சீசன் தொடங்கும்வரை கீழே சூரிச்சுக்கு இறங்கி, வழமைபோல லாங்ஸ்திராசையில் தவச்செல்வன் கடையின் மேல் அறையில்தான் பாய் விரிக்க வேண்டும்.

போன கிழமை நீர் இந்த வரைவுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போன மூன்று வரியையும் பார்த்தேன். ஒன்று, கொம்பனி தன்னுடைய இணையப் பக்கத்தைச் செப்ரெம்பர் முப்பதோடு மூடுகிறது. இரண்டு, இனி அவரவர் கொம்பியூட்டரில் மெயில் புரோகிராம் ஒன்றைப் போட்டுத்தான் கடிதம் வாசிக்கலாம். மூன்று, மாற்றுவதுதான் மாற்றுகிறோம், இந்தச் சாட்டோடு ஆளுக்கொரு முகவரி வைத்துக்கொள்வோம்.

மூன்று வரியில் ஒரு குடும்பத்தைப் பிரிக்க உம்மால்தான் முடியும் பவா. வழக்கென்று கோட்டுக்குப் போனால் முந்நூறு பக்கம் எழுதுவார்கள்.

மகள் கிருசிகா ஒன்பது வயதில் எங்களுக்கு இந்த முகவரியைத் திறந்து தந்தாள். இப்போது அவளுக்கு இருபத்துமூன்று. பதினாலு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் "குலபவா". பிரிக்கிறபோது "குல" எனக்கு, "பவா" உமக்கா? அல்லது சீட்டுப் போடுவோமா?

இன்னொன்று. அதே முகவரியிலிருந்து அதே முகவரிக்குக் கடிதம் அனுப்பினால் விசரன் தனக்குத்தானே கதைக்கிற மாதிரி இருக்கு என்று நீர்தான் சொன்னீர். அதனால்தான் எழுதுகிறோம், அனுப்புவதில்லை. எழுதி வரைவுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போக, மற்றவர் வந்து எடுத்து வாசிக்கிறார். ஒரு கடிதமும் அனுப்பாமல் நாலு வருடம் கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிற புருசன் பெண்சாதி இந்தச் சுவிசிலேயே நாங்களாகத்தான் இருக்கும். ஆளுக்கொரு முகவரி வந்தால் முத்திரை ஒட்டாத குறையாக அனுப்ப வேண்டி வரும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இருந்தாலும் உம்முடைய சொல்லுக்கு நான் எப்போது மறுப்புச் சொன்னேன்? (நீர் பட்டியல் எழுதத் தொடங்க வேண்டாம்.) எந்தப் புரோகிராம் நல்லது என்று விசாரிக்கிறேன். ஹொட்டல் வரவேற்பில் கழித்துவிட்ட மடிக்கணினி ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. மூடி சரியாகப் பூட்டாது. மற்றப்படி என்னைப்போல நல்ல நிலைமை.

இப்படிக்கு,
மறுமொழி கிடைக்காத மன்னன்
குலம்

---

அட்லிஸ்வில்,
7 செப்ரெம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள உங்களுக்கு,

முழங்கால் பரவாயில்லை. படி இறங்கும்போது மட்டும் நோகிறது. நீங்கள் இரவில் பாண் சாப்பிடுவதை விட்டால் கொழுக்க மாட்டீர்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன் என்று எழுதினால் விசயத்தை மறந்துவிடுவீர்கள். ஆகவே சிரிக்கவில்லை.

வழமைபோலச் சண்முகநாதன் அண்ணை எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆட்கள் எல்லோருக்கும் போட்ட கடிதத்தைத் திறந்து, "எல்லோருக்கும் பதில்" என்பதை அமத்தி, அவர் எழுதினதை அழித்துவிட்டு, அதற்குள்ளேயே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். தலைப்பில் இன்னும் "இலையுதிர்கால ஒன்றுகூடலும் மதிய போசனமும்" என்று நிற்கிறது. புதுக் கடிதம் தொடங்குவதற்கென்று தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது. பதினாலு வருடமாக அது அதே இடத்தில்தான் இருக்கிறது.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கோ. போன மாதம் முதியோர் இல்லத்தில் என்னுடைய வேலைநேரத்தை மாற்றிக் கடிதம் போட்டிருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்தபோது அது மெலிந்த எழுத்தில் இருந்தது. வாசிக்காத கடிதம் தடித்த எழுத்து, வாசித்த கடிதம் மெலிந்த எழுத்து. மெலிந்திருந்தால் நான் ஏற்கெனவே பார்த்த பழைய கடிதம் என்றுதானே நினைப்பேன்? பார்த்தால், நீங்கள் அங்கே எங்கடின் மலையில் இருந்துகொண்டு காலைக் கோப்பியோடு அதைத் திறந்து மூடியிருக்கிறீர்கள். நான் காலை வேலைக்கு மாலையில் போய் நின்றேன். பொறுப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவ்வளவுதான்.

அன்றைக்கு ட்ராமில் வரும்போது நினைத்தேன், இது முதல் தரம் இல்லையே என்று.

நான் எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எட்டு வருடம் குடியிருப்புச் சங்கத்தின் பட்டியலில் காத்திருந்தோம். நாலு அறை, மூன்றாம் மாடி, சில் என்ற ஆற்றுப் பக்கம் பல்கனி. வீட்டைப் பார்க்க வாருங்கள், ஐந்து நாளுக்குள் பதில் தாருங்கள் என்று 2021 மார்ச் ஒன்பதாம் திகதி கடிதம் வந்தது. யாரோ திறந்ததால் மெலிந்து போனது. பதில் போகவில்லை. வீடு அடுத்த ஆளுக்குப் போனது. நீங்கள் "நான் காணேல்லை" என்றீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். அந்த ஒரு வாக்குவாதத்தில் "ஒரு சீசன் போட்டு வாறன்" என்று மலைக்குப் போனவர் நாலு குளிர்காலம் முடித்துவிட்டீர்கள்.

அதனால்தான் கேட்கிறேன். எனக்கென்று ஒரு பெட்டி வேண்டும். அதில் மெலிந்திருந்தால் அது நான் மெலிய வைத்ததாக இருக்க வேண்டும்.

நானும் மூன்று புரோகிராம் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் கடிதங்களுக்கு நடுவே விளம்பரம் வந்து நிற்கிறது. சப்பாத்து விளம்பரம் ஒன்றைக் கிருசிகாவின் கடிதம் என்று திறந்தேன். இரண்டாவதில் தமிழ் முழுக்கச் சதுரம் சதுரமாக வருகிறது. மூன்றாவது பரவாயில்லை. உங்களுக்கு எது தேவையோ அதை நீங்கள் பாருங்கோ.

கவனமாக இருங்கோ. மேலே பனி தொடங்கிவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். மொத்தமான கம்பளிக் காலுறை இரண்டு சோடி பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

பவதாரணி

---

பொன்ரெசீனா,
11 செப்ரெம்பர் 2025

அன்பின் பவா,

காலுறை வந்தது. ஒன்றை இப்போது போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். மற்றச் சோடி தலைமைச் சமையல்காரரின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறேன்.

வேலைநேரக் கடிதத்துக்கு மன்னிப்பு. உண்மையாகத்தான். பகிடி இல்லை.

நீர் என்னையே பார்க்கச் சொன்னபடியால் தவச்செல்வனுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவன் இப்போது கடையில் முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் கொம்பியூட்டரும் திருத்துகிறான்.

"தவம், நல்ல மெயில் புரோகிராம் ஒண்டு சொல்லடா."

"அண்ணை, உங்களுக்கு என்ன தேவை எண்டு முதல் சொல்லுங்கோ. அது தெரியாமல் நான் எதைச் சொல்லுறது?"

"கடிதம் பாக்கிறதுக்குத்தான். வேறென்ன, தோசை சுடவோ?"

"அதுக்கு எல்லாம் சரிவரும். ஒரு கொம்பியூட்டரோ, ரெண்டோ? இன்ரநெற் இல்லாத இடத்திலை திறக்க வேணுமோ? ஆர் ஆர் பாவிக்கப் போகினம்?"

"ரெண்டு பேர்."

"ஒரே வீட்டிலையோ?"

நான் தொண்டையைச் செருமினேன். அவனும் செருமினான். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மரக்கறி விலையைப் பற்றிக் கதைத்தோம்.

தேவை என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு அதிகம் இல்லை பவா. ஒன்று, எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும். கண்ணாடி போடச் சொல்லி நீர் சொல்வது காதில் விழுகிறது. அடுத்தது, எங்கள் படுக்கை அறை ஹொட்டலின் நிலத்துக்குக் கீழே. இணைய வலை அங்கே வராது. மேலே சாப்பாட்டு அறையில் பிடித்துக்கொண்டு கீழே வந்து ஆறுதலாகப் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். இணையப் பக்கத்தில் அது முடியாது, புரோகிராமில் முடியுமாம். தமிழ் தமிழாக நிற்க வேண்டும். என்னுடைய தமிழுக்குக் கீழே சிவப்புக் கோடு போடக்கூடாது. ஆறாம் வகுப்பில் வாத்தியார் போட்ட சிவப்புக் கோடே ஒரு ஆயுளுக்குக் காணும்.

நாலாவதாக ஒரு தேவையும் இருக்கிறது. அதைத் தவத்துக்குச் சொல்லவில்லை. உமக்கும் இப்போது சொல்லமாட்டேன்.

தவம் சொன்னதில் முக்கியமானது இதுதான்.

"அண்ணை, இதிலை ரெண்டு விதம் இருக்கு. ஒண்டு, கடையிலை கிடக்கிற சாமானை அள்ளிக்கொண்டு வீட்டை போறது. பிறகு கடை வெறும். உங்கடை கொம்பியூட்டரிலை மட்டுந்தான் இருக்கும். மற்றது, சாமான் கடையிலேயே கிடக்கும். கண்ணாடிக்குள்ளாலை ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் நிண்டு பாக்கலாம். ஒராள் ஒண்டை நகர்த்தினால் மற்றவருக்கும் நகர்ந்திருக்கும்."

"ஒராள் திறந்தால்?"

"மற்றவருக்கும் திறந்ததுதான்."

அதுதானே எங்கள் வியாதி என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டியில் ஆறாயிரத்துச் சொச்சம் கடிதம் கிடக்கிறது பவா. கிருசிகாவின் பள்ளிக்கூடம் சுற்றுலாவுக்கு மழைச்சட்டை கொண்டுவரச் சொன்னதிலிருந்து, நீர் எனக்கு வரைவுப் பெட்டியில் வைத்த திட்டு எல்லாம். முதல் விதத்தில் நான் அள்ளினால் உம்முடைய பக்கம் வெறும். நீர் அள்ளினால் என்னுடைய பக்கம் வெறும். முப்பதாம் திகதிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

நீரே சொல்லும். அள்ளுவதா, கண்ணாடியா?

உம்முடைய
ஒற்றைக்காலுறைக்காரன்
குலம்

---

அட்லிஸ்வில்,
16 செப்ரெம்பர் 2025

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு காலிலும் போடுங்கோ. அதற்குத்தான் சோடி சோடியாக விற்கிறார்கள்.

இரண்டு நாள் யோசித்தேன். அள்ளிக்கொண்டு போங்கோ. எல்லாவற்றையும். எனக்குப் பழையது ஒன்றும் வேண்டாம். வெறும் பெட்டியோடு புதிதாகத் தொடங்குகிறேன். என்னுடைய வேலைநேரம், வைத்தியரின் நாள், கிருசிகாவின் இரண்டு வரி. இவ்வளவுதான் என்னுடைய தேவை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் நிற்கத் தேவையில்லை.

கோபத்தில் எழுதவில்லை. நேற்று வேலை முடிந்து அட்லிஸ்வில் முருகனிடம் போய் ஆறுதலாக இருந்து யோசித்துத்தான் எழுதுகிறேன். எனக்கு ஐம்பது வயதாகிறது. ஒவ்வொரு நாளும் ஒரு பெட்டியைத் திறந்து, இதை அவர் திறந்தாரா, நான் திறந்தேனா என்று யோசித்துக்கொண்டிருக்கக் களைப்பாக இருக்கிறது.

ஆனால் அள்ளுவதற்கு முன்னம் ஒன்று கேட்கிறேன். இந்த நாலு வருடத்தில் சத்தம் போட்டுக் கேட்டிருக்கிறேன், அழுது கேட்டிருக்கிறேன். எழுதிக் கேட்டதில்லை. அந்த மார்ச் மாதக் கடிதத்தைத் திறந்தது நீங்களா?

ஓம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி. பகிடி மட்டும் விடாதேங்கோ. நீங்கள் பகிடி விடும்போது கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்து கதைக்கிற மாதிரி இருக்கிறது.

பவதாரணி

---

ரயிலில், சூர் ஸ்ரேசனிலிருந்து மலைக்கு மேலே,
24 செப்ரெம்பர் 2025, புதன்

பவா,

இன்றைக்கு எனக்கு லீவு. விடிய முதல் ரயிலில் சூரிச்சுக்கு இறங்கித் தவத்தின் கடைக்குப் போய்ப் புரோகிராமைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போகிறேன். உமக்குச் சொல்லாமல் வந்தேன். இடையில் அட்லிஸ்வில் வரைக்கும் வந்தேன். ஸ்ரேசனில் இறங்கி, உம்முடைய வீட்டுப் பக்கம் போகிற பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு எதிர்ப்பக்க ரயில் வர ஏறிவிட்டேன். குளிராக இருந்தது என்று எழுத நினைத்தேன். குளிர் இல்லை. நல்ல வெயில்.

நீர் கேட்டதற்குப் பதில். ஓம். நான்தான் திறந்தேன்.

இனிப் பகிடி இல்லாமல் எழுதிப் பார்க்கிறேன். வலது கையைக் கட்டிவிட்டு வெங்காயம் வெட்டுகிற மாதிரி இருக்கிறது.

எனக்கு டொச் வாசிக்கத் தெரியாது பவா. கதைப்பேன். நீர் கதைப்பதைவிட வேகமாகக் கதைப்பேன். நோரிப்ளை ஐயாவுக்கு எழுதின மாதிரி, சத்தத்தை வைத்து நாலு வரி எழுதியும் விடுவேன். சமையலறையில் இத்தாலியனுக்கும் போர்த்துக்கேயனுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பேன். ஆனால் தாளில் வந்தால் ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் தெரிகிறது. மிச்சத்தை முகத்தை வைத்துச் சமாளிப்பேன். அவசரக் கடிதம் என்றால் படம் எடுத்துத் தவத்துக்குக் காட்டுவேன். அவனிடமும் "கண்ணாடியை விட்டுட்டு வந்திட்டன், ஒருக்கா வாசிச்சுச் சொல்லு" என்பேன். எனக்குக் கண்ணாடியே இல்லை என்பது அவனுக்கு நல்லாகத் தெரியும். அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

உமக்குச் சொல்லவில்லை. நீர் உயர்தரம் படித்த ஆள். "கடிதம் வந்ததோ? பாத்தீங்களோ?" என்று நீர் கேட்பீர். நான் "பாத்தன், பாத்தன்" என்பேன். அது பொய் இல்லை. பார்த்தேன். வாசிக்கவில்லை. நீர் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டீர். அலட்சியக்காரன் என்ற பெயர், வாசிக்கத் தெரியாதவன் என்ற பெயரைவிட எனக்குச் சுகமாக இருந்தது. அதனால் விட்டுவிட்டேன்.

அந்தக் கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வேலைக்குப் போகிற ட்ராமில் திறந்தேன். வீடு என்ற சொல் தெரிந்தது. பட்டியல் என்ற சொல் தெரிந்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் குடியிருப்புச் சங்கம் "நீங்கள் இன்னும் பட்டியலில் இருக்கிறீர்கள்" என்று ஒரு கடிதம் போடும் அல்லவா, அதுதான் என்று நினைத்தேன். நடுவில் பெசிக்டிகுங் என்றொரு சொல். அதற்குள் காட்சி என்கிற மாதிரி ஏதோ இருந்தது. பல்கனியிலிருந்து என்ன தெரியும் என்று வர்ணித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று பிந்தித்தான் தெரியும். மூடிவிட்டு இறங்கினேன். அது மெலிந்து போனது. மெலிந்ததைத் திருப்பித் தடிப்பாக்கலாம் என்று எனக்குத் தெரியாது.

பிறகு வீடு போன கடிதம் வந்தது. நீர் என்னைப் பார்த்துக் கேட்டபோது, திறந்தேன் என்று சொன்னால் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர். ஏன் சொல்லவில்லை என்று சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டும். அதனால் "காணேல்லை" என்றேன். அதற்குப் பிறகு உம்முடைய முகத்தைப் பார்க்க முடியாமல்தான் மலைக்கு வந்தேன். ஒரு சீசன் போதும் என்றுதான் வந்தேன். சொல்லாமல் திரும்பி வர முடியவில்லை. சொல்லவும் முடியவில்லை.

இன்றைக்குக் கடையில் தவம் புரோகிராமைக் காட்டித் தந்துகொண்டிருந்தான்.

"இதிலை வலப்பக்கத்தாலை அமத்துங்கோ அண்ணை. பாத்தீங்களோ, வாசிக்காதது எண்டு ஆக்கலாம். திருப்பித் தடிச்சிடும்."

"எப்பவிருந்து இது?"

"எது?"

"இந்த வசதி. எப்பவிருந்து இருக்கு?"

"தொடக்கத்திலை இருந்தே இருக்கு அண்ணை. ஏன்?"

ஒன்றுமில்லை என்றேன். கடைக்குப் பின்னால் போய்க் கோப்பித் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இந்தக் கொம்பனிக்காரர்களிடம் "பார்த்தது" என்றொரு குறி இல்லை பவா. திறந்தாலே "வாசித்தது" என்று எழுதிவிடுகிறார்கள். என்னைப் போன்ற ஆட்களை அவர்கள் நினைக்கவில்லை. அன்றைக்கு இந்த ஒன்று தெரிந்திருந்தால், விளங்காததை எல்லாம் தடிப்பாக்கி உமக்கு விட்டிருப்பேன். நீர் வாசித்திருப்பீர். ஒரு சொல் கதைக்கத் தேவை வந்திராது. நான் போன கடிதத்தில் சொல்லாமல் விட்ட நாலாவது தேவை அதுதான்.

இப்போதைக்குக் கண்ணாடி விதத்தில்தான் போட்டிருக்கிறேன். ஒன்றையும் அள்ளவில்லை. தவத்தின் கடையில் இருந்தபோதே அந்த மார்ச் மாதக் கடிதத்தைத் தேடி எடுத்துத் தடிப்பாக்கினேன். நாலரை வருடம் பிந்தி. நீர் அள்ளச் சொன்னால் அள்ளுகிறேன், பிரிக்கச் சொன்னால் பிரிக்கிறேன். அந்தக் கடிதம் மட்டும் தடித்தபடி உம்முடைய பக்கம் இருக்கட்டும்.

ஒன்றுக்குப் பிறகு ஒன்றாகச் சுரங்கம் வருகிறது. ரயில் முழுக்க இருட்டு. இவ்வளவையும் எழுத எனக்கு அது தேவையாக இருந்தது.

குலேந்திரன்

---

அட்லிஸ்வில்,
26 செப்ரெம்பர் 2025, வெள்ளி

இஞ்சாருங்கோ,

உங்கள் கடிதத்தை வரைவுப் பெட்டியில் தேடினேன். இருக்கவில்லை. எழுதாமல் விட்டுவிட்டீர்கள் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை. பிறகுதான் பார்த்தேன், "அனுப்பியவை" என்ற பெட்டிக்குள் கிடந்தது. ஏன் அங்கே வைத்தீர்கள் என்று விளங்கவில்லை. புதுப் புரோகிராமின் வேலையாக்கும்.

மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் அதைத் தடிப்பாக்கிவிட்டு, நாலாம் தரம் புதிதாகத் திறந்து வாசித்தேன்.

நீங்கள் சொன்னதால் நானும் சொல்ல வேண்டும்.

அந்த மார்ச் மாதக் கடிதத்தை நானும் பார்த்தேன். ஐந்தாம் நாள் இல்லை, மூன்றாம் நாள். வெள்ளிக்கிழமை காலை. மெலிந்திருந்தது. நான் முழுவதும் வாசித்தேன், எல்லாம் விளங்கியது. இவர் திறந்திருக்கிறார், பதில் போட்டிருப்பார், எனக்குச் சொல்லாமல் வைத்துத் திடீரென்று கூட்டிக்கொண்டு போகப்போகிறார் என்று நினைத்தேன். அன்றைக்கு வேலையில் பாட்டுப் பாடினேன். இரவு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது நினைத்தேன், பார்ப்போம், சொல்கிறாரா என்று. எந்தக் காரியத்தையும் நான்தான் ஞாபகப்படுத்த வேண்டும், இந்த ஒன்றையாவது அவர் செய்யட்டும் என்று. சனிக்கிழமையும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். பின்னேரம் நீங்கள் சோபாவில் நித்திரை. ரெலிபோன் என் கையில் இருந்தது. இரண்டு வரி எழுதி அனுப்பியிருந்தால் வீடு எங்களுடையது. நான் உங்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வாசிக்கத் தெரியாமல் விட்டீர்கள். நான் வாசித்துவிட்டு விட்டேன். எது பெரிய பிழை என்று நாலு வருடமாக எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

சரி. இப்போது என்னுடைய தேவையை மாற்றிச் சொல்கிறேன். அள்ள வேண்டாம். கண்ணாடி விதமே இருக்கட்டும். அந்த மூன்றாவது புரோகிராமை நான் போடுகிறேன். நீங்கள் போட்டதும் அதுதான் என்று தவச்செல்வன் சொன்னார். வேலைநேரக் கடிதத்துக்கு மட்டும் எனக்குத் தனி முகவரி ஒன்று திறக்கிறேன். அதில் நீங்கள் கை வைக்கக்கூடாது. மற்றதெல்லாம் குலபவாதான். விளங்காததைத் தடிப்பாக்கி விடுங்கோ. நான் வாசித்துவிட்டுப் பக்கத்தில் தமிழில் இரண்டு வரி எழுதி வைக்கிறேன். மூன்று மாதத்தில் உங்களுக்கு நான் டொச் வாசிக்கவும் சொல்லித் தருவேன். பகிடி விட்டால் சிவப்புக் கோடு போடுவேன்.

மார்ச் மாதக் கடிதம் தடித்தபடிதான் நிற்கிறது. நான் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்க முடியுமென்றால் வாங்கோ, இருந்து வாசிப்போம். ஸ்ரேசனில் நின்று பார்க்க வேண்டாம். வீடு இரண்டாவது திருப்பம். ஒக்ரோபரில் ஹொட்டல் பூட்டினதும் தவச்செல்வனின் மேல் அறை தேவையில்லை. அவர் அதில் அரிசி மூட்டை அடுக்கட்டும்.

ஒன்று கேட்க மறந்தேன். காலையிலிருந்து சண்முகநாதன் அண்ணையின் மனிசி நாலு தரம் ரெலிபோன் எடுத்திருக்கிறா. கோயிலில் இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார்கள். ஊரில் யாருக்கும் ஏதும் நடந்ததா? உங்களுக்கு ஏதாவது தெரியுமோ?

பவா

---

பொன்ரெசீனா,
27 செப்ரெம்பர் 2025, சனி

அன்பின் பவா,

ஞாயிறு லீவு கிடைத்துவிட்டது. நாளைக்குப் பத்தேமுக்காலுக்கு அட்லிஸ்வில்லில் இறங்குவேன். இரண்டாவது திருப்பம் என்பதை உள்ளங்கையில் எழுதியிருக்கிறேன். தமிழில்.

உம்முடைய கடிதத்தைக் கீழே என் அறையில், வலை இல்லாமல், பெரிய எழுத்தில் ஆறுதலாகப் படித்தேன். சொன்னேனே, புரோகிராம் என்றால் அந்த வசதி இருக்க வேண்டும் என்று. சோதித்தேன் என்று எழுதியிருக்கிறீர். நல்ல வாத்தியார், பிள்ளை சோபாவில் நித்திரை. போகட்டும் அப்பா. வீடு இல்லாவிட்டால் என்ன, சில் ஆற்றைப் பாலத்தில் நின்றும் பார்க்கலாம்.

ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

புதன்கிழமை ரயிலில் எழுதி முடித்ததும், வைப்பதற்கு ஒரு பொத்தானைத் தேடினேன். புதுப் புரோகிராமில் எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. ஒன்றை அமத்தினேன். வலை இல்லை, பெட்டிக்குள் வைத்திருக்கிறேன் என்கிற மாதிரி ஏதோ சொன்னது. பெட்டிதானே, நல்லது என்று மூடினேன். அது வரைவுப் பெட்டி இல்லையாம், வெளியே போகிற பெட்டியாம். ஹொட்டலுக்கு வந்து வலையைப் பிடித்ததும் தானாகப் போயிருக்கிறது. நான் வழமைபோலச் சண்முகநாதன் அண்ணையின் கடிதத்துக்குள், எல்லோருக்கும் பதிலாக எழுதியிருந்தபடியால் நூற்று நாற்பத்துமூன்று பேருக்குப் போனது.

சண்முகநாதன் அண்ணை ரெலிபோன் எடுத்தார். தலைப்பு மதிய போசனம் என்று இருந்தபடியால் எங்கள் இரண்டு பேரின் பெயரையும் சாப்பாட்டுக்குப் பதிந்துவிட்டாராம். பக்கத்துப் பக்கத்துக் கதிரை. அதன்பிறகு ஏழு பேர் தனித்தனியாக எடுத்து, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, எந்தப் பொத்தானை அமத்தினால் தடிக்கும் என்று கேட்டார்கள். ஏழு பேருக்கும் கண்ணாடி வீட்டில் மறந்து போச்சாம்.

சண்முகநாதன் அண்ணை தனக்கு ஒருதரம் கடிதம் போட்ட எல்லோரையும் பட்டியலில் சேர்க்கிறவர். அதனால் நோரிப்ளை ஐயாவுக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. மூன்று மாதம் வாய் திறக்காத மனுசன், இந்தத் தரம் எழுத்தில் பதில் போட்டது அவர் ஒருவர்தான். எனக்கு விளங்கினவரை, என்னுடைய கடிதத்தை ஒருவரும் வாசிக்கமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். சரியோ தெரியவில்லை. உமக்குத் தடிப்பாக்கி விட்டிருக்கிறேன்.

குலம்